ஸ்பெயினின் பழைய சிற்றூரில் குடியேறுவது: எதற்குப் பின் எது

ஸ்பெயினின் தலைநகர் மத்ரிதிலிருந்து வடகிழக்கே ரயிலில் ஒன்றரை மணி நேரம் போனால் சிகுவென்சா வரும். குவாதலஹாரா மாகாணம், சுமார் 5,000 பேர், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். அந்த ஊரை வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கோட்டையையும் கதீட்ரலையும் பற்றி வேறு யாராவது எழுதிக்கொள்ளட்டும். எனக்குப் பின் வந்த சில குடும்பங்களுடன் அலுவலகம் அலுவலகமாக அலைந்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுந்தது ஒரே இடத்தில்: செய்யவேண்டியதைச் செய்தார்கள், வரிசை மாற்றிச் செய்தார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். தொகைகள் 2025ஆம் ஆண்டுக்கு உரியவை. விண்ணப்பிக்கும் முன் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் விசா வகை, பிறகு ஊர்

பலரும் முதலில் ஒரு வீட்டின் படத்தைப் பார்த்து மயங்குகிறார்கள், பிறகுதான் விசாவைத் தேடுகிறார்கள். அங்கேயே கணக்கு பிசகுகிறது. எந்த விசா என்பதுதான் நீங்கள் வேலை செய்யலாமா, எவ்வளவு பணம் காட்டவேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

ஓய்வூதியம், வட்டி, வாடகை போன்ற வருமானத்தில் வாழ்பவர்களுக்கு 'நோ லுக்ரதீவா' விசா. 'இப்ரெம்' என்ற அரசுக் குறியீட்டின் நான்கு மடங்கைக் காட்டவேண்டும்: மாதம் 2,400 யூரோ, ஆண்டுக்கு 28,800. கூடவரும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 7,200 சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த விசாவில் வேலை செய்ய உரிமை இல்லை. "வேலை இந்தியக் கம்பெனிக்குத்தானே, லேப்டாப்பில்தானே" என்ற வாதம் எடுபடாது. தன் விண்ணப்பக் கடிதத்தில் அதைப் பெருமையாகவே எழுதி நிராகரிக்கப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

தொலைவேலை செய்பவர்களுக்குத் தனி விசா இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தின் இரு மடங்கு வருமானம், அதாவது 2025 கணக்குப்படி மாதம் சுமார் 2,763 யூரோ வேண்டும். பட்டப்படிப்பு அல்லது மூன்றாண்டு அனுபவம் வேண்டும். உங்கள் நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கியிருக்கவேண்டும். நீங்கள் அதில் மூன்று மாதமாவது வேலை பார்த்திருக்கவேண்டும். சம்பளத்தைக் காட்டுவது எளிது. சமூகப் பாதுகாப்புக் காப்பீட்டை யார் கட்டுவது என்ற இடத்தில்தான் முடிச்சு விழும். நிறுவனத்தின் மனிதவளத் துறையிடம் முதல் நாளே அதைப் பேசிவிடுங்கள்.

வீடு வாங்கினால் விசா கிடைக்கும் என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் 'கோல்டன் விசா' 2025 ஏப்ரல் 3ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

2. காகிதங்கள்: காலாவதி ஆகாதது முன்னே, ஆவது பின்னே

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றை முதலில் எடுங்கள். இவற்றுக்கு மாநில அரசின் சான்றொப்பம், அதன் மேல் நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை), அதற்குப் பிறகு ஸ்பானிய மொழிபெயர்ப்பு. இந்த மூன்றின் வரிசை மாறக்கூடாது. அப்போஸ்டில் முத்திரையையும் சேர்த்து மொழிபெயர்க்கவேண்டும் என்பதால், முதலிலேயே மொழிபெயர்த்து வைத்திருப்பவர் இரண்டாம் முறையும் பணம் கட்டுவார்.

மொழிபெயர்ப்பாளர் 'ஹுராதோ', அதாவது ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்தவராக இருக்கவேண்டும். நம் ஊர் நோட்டரி கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பு செல்லாது.

போலீஸ் சான்றிதழைக் கடைசியாக எடுங்கள். அதன் ஆயுள் சில மாதங்கள்தான். அதை முதலில் வாங்கிவிட்டு, மற்றவை வந்துசேர்வதற்குள் அது காலாவதியாகி மறுபடி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு ஓடுவது வழக்கமான கதை. மருத்துவச் சான்றிதழுக்கும் இதே கணக்கு. அதில் '2005ஆம் ஆண்டு சர்வதேச சுகாதார விதிமுறைகள்' என்ற சொற்றொடர் இருக்கவேண்டும்; நலமாக இருக்கிறார் என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் போதாது.

காப்பீடு ஸ்பெயினில் அனுமதி பெற்ற நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் பங்குத்தொகை கட்டும் நிபந்தனை கூடாது, காத்திருப்புக் காலமும் கூடாது. பயணக் காப்பீட்டைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

3. உங்கள் பெயரை முதலில் சரிசெய்யுங்கள்

இதைத் தனிப் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழர்களாகிய நமக்குக் குறிப்பாக வரும் தொல்லை இது. பொதுவான வழிகாட்டிகள் எதிலும் இருக்காது.

ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள்: ஒன்று தந்தை வழி, மற்றது தாய் வழி. படிவங்களெல்லாம் அந்த நம்பிக்கையில் அச்சடிக்கப்பட்டவை. நம்மிடம் இருப்பதோ ஓர் இனிஷியல். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், கணினி அதை ஏற்காது. எதிரே இருக்கும் எழுத்தர் தனக்குத் தோன்றியபடி ஒன்றை நிரப்புவார்.

எனக்கு நடந்தது இது. நகராட்சிப் பதிவேட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியது. குடியிருப்பு அட்டையில் என் பெயர் குடும்பப் பெயரானது. வங்கியில் இரண்டும் சேர்ந்து ஒரே சொல்லாயின. சுகாதார நிலையத்தில் நான் நின்றுகொண்டிருக்கிறேன், திரையில் அப்பா வருகிறார். அவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று பதிவுகளையும் ஒன்றாக்க ஐந்து மாதம் பிடித்தது.

எனவே விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து, குடும்பப் பெயர் தனியாகவும் இட்ட பெயர் தனியாகவும் இருக்கும்படி மறுவெளியீடு வாங்குங்கள். மற்ற சான்றிதழ்களில் பெயர் வேறு மாதிரி இருந்தால், எல்லாம் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை அப்போஸ்டிலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவியின் பெயரோடு கணவர் பெயர் ஒட்டியிருந்தால் அதையும் விளக்க ஆயத்தமாக இருங்கள். இங்கே திருமணமான பெண்கள் பெயரை மாற்றுவதில்லை. என் பெயர் எப்படி என் மனைவியின் குடும்பப் பெயரானது என்று மூன்று கவுன்டர்களில் கேட்டார்கள்.

4. ஊரைப் பிப்ரவரியில் போய்ப் பாருங்கள்

மே மாதத்தில் எந்தப் பழைய ஊரும் அழகாகத்தான் இருக்கும். பிப்ரவரியில் ஒரு வாரம் தங்குங்கள், அதுவும் வார நாட்களில். எத்தனை கடைகள் திறந்திருக்கின்றன, இரவு எட்டு மணிக்கு எத்தனை ஜன்னல்களில் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். பழைய பகுதியின் பல வீடுகள் மத்ரித் குடும்பங்களின் விடுமுறை வீடுகள்; ஆகஸ்டில் நிரம்பும், ஜனவரியில் பூட்டியிருக்கும்.

சரிவையும் பாருங்கள். சிகுவென்சாவில் கதீட்ரலுக்கு அருகிலுள்ள சதுக்கத்திலிருந்து கோட்டைவரை ஏறும் தெரு, உருளைக்கல் பதித்த ஏற்றம். சுற்றுலாவில் இரண்டு முறை ஏறுவது ஒன்று. பத்துக் கிலோ அரிசியோடு மழையில் ஏறுவது வேறு. முழங்கால் வலி உள்ளவர்கள் ரயில் நிலையத்துக்கும் அலமேதா பூங்காவுக்கும் பக்கத்தில், கீழ்ப்பகுதியில் வீடு தேடட்டும். மனத்துக்கு அது அவ்வளவு சுவையாக இராது, காலுக்கு நல்லது.

மூன்றாவதாக, ரயில் அட்டவணையைக் கையில் எடுத்துக்கொண்டு காலைப் பத்து மணிக்கு மாகாணத் தலைநகரில் இருக்க முடியுமா என்று பாருங்கள். ஏன் என்பது ஆறாம் படியில் தெரியும்.

5. வாடகைக்கு எடுங்கள், பதிவு அனுமதியோடு

இணையத்தில் வாடகை வீடுகள் குறைவாகவே வரும். சிற்றூரில் வீடு வாய்வழியாகத்தான் கைமாறுகிறது. ரொட்டிக் கடையில், மருந்துக் கடையில், மதுக்கடையின் காலை நேரக் காப்பிக் கூட்டத்தில் கேளுங்கள். கேட்கும் முன் ஒரு சிறு மரியாதை: கடைக்குள் நுழையும்போது எல்லாருக்கும் பொதுவாக 'புவேனோஸ் தீயாஸ்' சொல்லுங்கள், பிறகு 'கியேன் எஸ் எல் ஊல்திமோ?', கடைசியாக நிற்பவர் யார் என்று கேளுங்கள். இங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆளுக்கு ஆள் நினைவில் வைத்திருப்பார்கள். இதைத் தெரியாமல் நேரே கவுன்டருக்குப் போனவருக்கு வீடு பற்றித் தகவல் கிடைப்பது கடினம்.

ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, அது நிரந்தரக் குடியிருப்புக்கான ஒப்பந்தமா, பருவகால ஒப்பந்தமா என்பது. நிரந்தரக் குடியிருப்பு என்றால் வீட்டுக்காரர் தனிநபராக இருக்கும்போது ஐந்தாண்டுவரை தங்க உங்களுக்கு உரிமை உண்டு. முன்வைப்பு ஒரு மாத வாடகை. அதற்கு மேல் கூடுதல் உத்தரவாதமாக இரண்டு மாதம்வரை கேட்கலாம். தரகர் கட்டணம் வீட்டுக்காரருடையது.

இரண்டாவது, அந்த முகவரியில் நகராட்சிப் பதிவு செய்துகொள்வதற்கு வீட்டுக்காரர் இடையூறு செய்யமாட்டார் என்பது. சிலர் "பதிவு மட்டும் வேண்டாம்" என்பார்கள். வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். பதிவு இல்லாமல் அடுத்த படி இல்லை.

6. முதல் முப்பது நாட்கள்

நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் குடியிருப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கவேண்டும். 'தியே' என்பார்கள். அதற்கு முன் நகராட்சியில் 'பத்ரோன்' என்ற குடியிருப்போர் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். எல்லாக் கதவுகளுக்கும் சாவி அந்தப் பதிவேடுதான்.

வந்த மறுநாளே பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமுமாக நகராட்சிக்குப் போங்கள். பதிவு முடிந்ததும் 'வொலாந்தே', 'செர்திஃபிகாதோ' என்று இரண்டு வகைத் தாள்கள் உண்டு. முன்னது தகவலுக்கு, பின்னது சட்ட நடவடிக்கைக்கு. கையோடு இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பல அலுவலகங்கள் மூன்று மாதத்துக்கு மேல் பழையதை ஏற்பதில்லை என்பதால் மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைப்பதில் பயனில்லை.

அதே நாளில் விரல்ரேகைக்கு முன்பதிவு தேடத் தொடங்குங்கள். 'சீத்தா ப்ரேவியா' என்ற இந்த முன்பதிவுதான் மிகப் பெரிய தலைவலி. அட்டை கொடுப்பது தேசியப் போலீஸ்; சிற்றூரில் இருப்பதோ குவார்தியா சிவில் என்ற வேறொரு காவல் படை. ஆகவே சிகுவென்சாக்காரர்கள் ஏறக்குறைய 75 கிலோமீட்டர் தள்ளியுள்ள மாகாணத் தலைநகர் குவாதலஹாராவுக்குப் போகவேண்டும். இணையத்தில் இடம் இல்லை என்றால் அலுவலகம் திறக்கும் காலை நேரத்தில் மறுபடி பாருங்கள். தேடிய நாளும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரு மாதம் கடந்துவிட்டால் உங்கள் தரப்பைக் காட்ட அதுதான் ஆதாரம்.

கொண்டுபோகவேண்டியவை: எக்ஸ்-17 விண்ணப்பம், பாஸ்போர்ட்டும் விசாப் பக்கமும் நகலோடு, புகைப்படம், பதிவுச் சான்று, 790 எண் படிவத்தில் 012 குறியீட்டுக் கட்டணம் கட்டிய ரசீது.

அந்த ரசீதில்தான் பலர் மாட்டுகிறார்கள். கட்டணத்தை வங்கியில் கட்டவேண்டும். சிற்றூர் வங்கிக் கிளைகள் பலவும் இத்தகைய படிவங்களைக் குறிப்பிட்ட நாட்களில், முற்பகலில் சிறிது நேரம் மட்டுமே வாங்குகின்றன. நான் முதல்முறை போனபோது மணி பதினொன்று ஐந்து. கவுன்டருக்குப் பின்னால் இருந்த பெண் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பேனாவால் சுட்டிக் காட்டினார்: செவ்வாய், வியாழன், பதினொரு மணிவரை. அன்று வியாழன். என் விரல்ரேகை முன்பதிவோ திங்கட்கிழமை. குவாதலஹாராவிலேயே வேறொரு வங்கியில் அதிகாலை நின்று கட்டினேன். நீங்கள் ஒரு வாரம் முன்பே கட்டிவிடுங்கள்.

விரல்ரேகை கொடுத்த சில வாரங்களில் அட்டை வரும். அதை வாங்க மறுபடி ஒரு நடை. இவற்றையெல்லாம் உங்கள் சார்பில் செய்துகொடுக்க 'ஹெஸ்தோர்' என்ற தொழில்முறைக்காரர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் ஆர்டிஓ அலுவலக வாசல் தரகரோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். அவர்களில் பலர் முறையாகத் தேர்வு எழுதிக் தொழில்முறைச் சங்கத்தில் பதிவு பெற்றவர்கள். ஸ்பானியம் தெரியாதவருக்கு அந்தச் செலவு தண்டச்செலவாகாது.

ஆகஸ்டில் மட்டும் எதையும் தொடங்காதீர்கள். அலுவலகங்கள் பாதி காலியாக இருக்கும்.

7. மின்சாரமும் குளிரும்

கல் சுவர் கோடையில் சுகம். குளிர்காலத்தில் ஒருமுறை குளிர்ந்துவிட்டால் மறுபடி சூடேற நாட்கணக்காகும். எனவே வீடு பார்க்கும்போது முதல் கேள்வி "எத்தனை அறை?" அல்ல, "எதால் சூடேற்றுகிறீர்கள்?" டீசல் போன்ற எண்ணெய்க் கொதிகலன், மரத்தூள் உருண்டை அடுப்பு, விறகு, ஆரஞ்சு நிற கேஸ் சிலிண்டர், மின்சாரம் என்று ஐந்து வழிகள். சிலிண்டர் 12.5 கிலோ, நம் வீட்டு 14.2 கிலோவைவிடச் சற்றுச் சிறியது. ஏற்றமான தெருவில் மாடிவரை யார் தூக்கி வருவார் என்பதையும் கேளுங்கள்.

அடுத்து மின் ஒப்பந்தத்தின் திறன். பழைய வீடுகளில் 3.45 கிலோவாட் என்பது சாதாரணம். முதல் டிசம்பரில் கூடத்தில் 2,000 வாட் ஹீட்டர், படுக்கையறையில் 1,500 வாட் ஹீட்டர். கூட்டிப் பாருங்கள்: 3,500. அதற்கு மேல் மனைவி மாவரைக்கக் கிரைண்டரைப் போட்டதும் வீடே இருண்டது. பக்கத்து வீட்டுப் பாட்டி டார்ச்சோடு வந்து, மெயின் சுவிட்சைக் கீழே இறக்கி, சில நொடிகள் நிறுத்தி, மேலே ஏற்றிக் காட்டினார். புதிய மீட்டர்கள் அப்படித்தான் மீளும். திறனைக் கூட்ட மின் நிறுவனத்தில் விண்ணப்பிக்கலாம்; வயரிங் மிகப் பழையது என்றால் எலெக்ட்ரீஷியனின் சான்றிதழ் கேட்பார்கள். (அரைத்த மாவு மூன்று நாளாகியும் பொங்கவில்லை. கொதிகலனுக்குப் பக்கத்தில் வையுங்கள். இட்லி அரிசியும் புளியும் வேண்டுமானால் மத்ரிதின் லவபியெஸ் பகுதி.)

8. மருத்துவம், கார்

முதல் ஆண்டு தனியார் காப்பீடுதான். சிற்றூர் சுகாதார நிலையம் அன்றாடத் தேவைக்கு. பெரிய மருத்துவமனை குவாதலஹாராவில். உங்கள் காப்பீட்டை ஏற்கும் மருத்துவர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறார் என்று வாங்கும் முன்பே பாருங்கள். ஓராண்டு பதிவோடு வசித்த பிறகு 'கொன்வேனியோ எஸ்பெசியால்' வழியாக அரசு மருத்துவத்தில் சேரலாம்: 65 வயதுக்குள் மாதம் 60 யூரோ, அதற்கு மேல் 157. மருந்துச் சலுகை இதில் கிடையாது.

இந்திய ஓட்டுநர் உரிமம் குடியிருப்பு பெற்ற பின் ஆறு மாதம்தான் செல்லும். மாற்றித் தரும் ஒப்பந்தம் இந்தியாவோடு இல்லை. எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் புதிதாக எழுதவேண்டும். எழுத்துத் தேர்வு 30 கேள்வி, மூன்று தவறுவரை மன்னிப்பு, ஆங்கிலத்திலும் எழுதலாம். இருபது ஆண்டு ஓட்டிய அனுபவம் இருக்கிறதே என்று ஆறாம் மாதம்வரை காத்திருப்பவர்கள் நடுவழியில் கார் இல்லாமல் நிற்கிறார்கள். இரண்டாம் மாதமே ஓட்டுநர் பள்ளியில் சேருங்கள்.

9. வரி

ஒரு நாட்காட்டி ஆண்டில் 183 நாளைத் தாண்டினால் ஸ்பெயினின் வரிக் குடியிருப்பாளர் ஆவீர்கள். உலகில் எங்கு வருமானம் வந்தாலும் இங்கே கணக்குக் காட்டவேண்டும். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான, இந்தியாவில் வரியில்லாத என்.ஆர்.இ. வைப்புத்தொகை வட்டிக்கும் இங்கே வரி உண்டு. பலரும் அதை அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

வெளிநாட்டு வங்கிக் கணக்கு, பங்கு, நிலம் என ஒரு வகையில் 50,000 யூரோவைத் தாண்டினால் 720 எண் படிவம்; ஜனவரி முதல் மார்ச்வரை. வருமான வரிக் கணக்கு ஏப்ரல் முதல் ஜூன்வரை. நம் வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, இவர்களுடையது ஜனவரியில். ஆகையால் வங்கி வட்டிச் சான்றை நாட்காட்டி ஆண்டுப்படி தனியாகக் கேட்டு வாங்கி வையுங்கள். இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அது தானாக வேலை செய்யாது, அங்கே கட்டிய ரசீதை நீங்கள் காட்டவேண்டும்.

10. வீடு வாங்குவது, ஒரு குளிர்காலம் கழித்து

வாடகையில் ஒரு குளிர்காலம் கழித்தவர் எந்தச் சுவரில் வெயில் விழும், எந்தத் தெருவில் பனி உறையும் என்று தெரிந்துகொண்டிருப்பார். அதற்குப் பிறகு வாங்குங்கள்.

முதலில் சொத்துப் பதிவகத்திலிருந்து 'நோத்தா சிம்ப்ளே' எடுங்கள். நம் வில்லங்கச் சான்றிதழ் போன்றது: உரிமையாளர் யார், அடமானம் உண்டா என்று காட்டும். அதைக் 'கதாஸ்த்ரோ' என்ற நில வரிப் பதிவோடு ஒப்பிடுங்கள். பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு என்ற நம் ஊர்க் கதை இங்கேயும் உண்டு. பழைய ஊர்களில் ஒரு வீட்டின் அறை இன்னொரு வீட்டின் மேல் ஏறியிருக்கும். பாட்டி காலத்தில் வாய்ப்பேச்சில் பிரித்துக்கொண்டது பதிவில் இராது. வாரிசுகள் ஐந்து பேர் இருந்து ஒருவர் அர்ஜென்டினாவில் இருந்தால், அவர் கையெழுத்து வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

முன்பண ஒப்பந்தத்துக்கு 'ஆராஸ்' என்று பெயர். பெரும்பாலும் பத்து சதவீதம். நீங்கள் பின்வாங்கினால் அந்தப் பணம் போகும். விற்பவர் பின்வாங்கினால் இரு மடங்காகத் திருப்பித் தரவேண்டும். எந்த வகை ஆராஸ் என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால்தான் இது பொருந்தும். சிகுவென்சா அடங்கிய காஸ்தீயா-லா மான்சா மாநிலத்தில் பழைய வீட்டுக்கு மாற்ற வரி பொதுவாக 9 சதவீதம். நோட்டரி, பதிவுச் செலவுகளையும் சேர்த்து விலைக்கு மேல் 11, 12 சதவீதம் கையில் வைத்திருங்கள்.

சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து இடுப்பளவு ஓதம் ஏறியிருந்தால், யாரோ பழைய கல் சுவரின் மேல் சிமென்ட் பூசியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். சிமென்ட் ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். அதை உரித்துச் சுண்ணாம்புக் காரை பூசவேண்டும். புதிதாக வெள்ளையடித்த சுவர் என்றால் கையை வைத்துப் பாருங்கள். ஓடுகளுக்குக் கீழே உள்ள மர உத்திரத்தைப் பேனாக்கத்தியால் குத்திப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் பூச்சி அரித்திருக்கிறது.

பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியில் உங்கள் வீட்டின் முகப்பு உங்கள் விருப்பத்துக்கு உரியதல்ல. ஜன்னல் சட்டம், ஓட்டின் நிறம், வெளிச்சுவர்ப் பூச்சு, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாவற்றுக்கும் நகராட்சி அனுமதியோடு மரபுரிமைக் குழுவின் ஒப்புதலும் வேண்டியிருக்கும். மாதங்கள் ஆகும். ஆராஸில் கையெழுத்திடும் முன்பே நகராட்சிக் கட்டடப் பிரிவில் நேரம் வாங்கி, செய்ய நினைப்பதைச் சொல்லி, முடியுமா என்று கேளுங்கள். பழுப்பு மர ஜன்னலைக் கழற்றி வெள்ளை பிவிசி மாட்டிய ஒரு தம்பதியர், அதைக் கழற்றிப் பழையபடி மரம் மாட்டினார்கள். செலவு இரண்டு மடங்கு.

பத்திரம் முடிந்தவுடன் சொத்து வரி, தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய சொத்து வரி பாக்கி வீட்டைத் தொடர்ந்து வரும் என்பதால் கையெழுத்துக்கு முன்பே ரசீதுகளைக் கேளுங்கள். பிறகு நகராட்சிக்குப் போய் பத்ரோனில் முகவரியை மாற்றுங்கள், அந்தத் தாளோடு அட்டையிலும் மாற்றுங்கள். நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கிடைக்கும்வரை பத்ரோன் பதிவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். கடிதம் வரும் என்று காத்திருக்காமல் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.